மாரிகாலத்தில் மாடுகளைப் பேணுதல்

வட, கிழக்கு மாகாணங்களில் ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரிமழையே பெரும்போக நெல்லுக்கு உயிர். ஆயினும், வயலுக்கு நன்மை தரும் அம்மழை வெட்டவெளியில் நிற்கும் மாட்டுக்குக் கேடாக முடிதலும் உண்டு. இம்மாகாணங்களில் உறைபனி இல்லையாதலால் குளிரினால் மாடு சாகாது எனக் கமக்காரர் பலர் எண்ணுவர். 2022ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவைக் கடந்தபோது, இவ்விரு மாகாணங்களிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிர்காற்றினால் விறைத்து மாண்டன.

குளிர் தாக்கும் விதம்

உலர்ந்த மயிரின் இடையே தங்கும் காற்று உடற்சூட்டைக் காக்கின்றது. மயிர் நனைந்தால் இக்காப்பு அற்றுப்போகும். மேலே காற்றும் வீசினால் சூடு விரைவாகக் குறையும். வைக்கோல் முதலிய நார்த்தீனி பெருவயிற்றிற் செரிக்கும்போது சூடு பிறக்கின்றது. ஆகவே, நனைந்த மாடு பட்டினியும் கிடந்தால் அதற்கு இரட்டைக் கேடு. கன்றுகளும், மெலிந்த மாடுகளும், அண்மையில் ஈன்ற பசுக்களும் முதலிற் பாதிக்கப்படும்.

கொட்டில்

வெள்ளம் நில்லாத மேட்டு நிலத்திற் கொட்டிலை அமையுங்கள். தரையை ஓர் அடி உயர்த்தி, 40 அடிக்கு ஓர் அடி சரிவு விட்டால் சலமும் நீரும் வழிந்தோடும். பெரிய மாடு ஒன்றுக்கு ஏறக்குறைய 40 சதுர அடி இடம் வேண்டும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுதலால், வடக்கு, கிழக்குப் பக்கங்களைக் கிடுகினால் அல்லது பனையோலையினால் அடைத்தல் வேண்டும். மற்றைப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். நாற்புறமும் அடைத்தால் சலத்தின் ஆவி தங்கி மாடுகளுக்கு மூச்சு நோய் உண்டாகும். தரையில் வைக்கோலைப் பரப்பி, நனைந்ததை அகற்றிக் குழியிலிட்டால் அது மரக்கறித் தோட்டத்திற்குச் சிறந்த எருவாகும்.

பெரும் பட்டி வைத்திருப்போர் எல்லா மாடுகளுக்கும் கூரை அமைத்தல் அரிது. அவர்கள் மேட்டு நிலத்தில் உயர்ந்த ஓலை வேலியைக் காற்றுத் தடையாகக் கட்டி, புயல் எச்சரிக்கை கிடைத்தவுடன் குளக்கரைகளிலும் பள்ளங்களிலும் மேயும் மாடுகளை அங்கே சேர்த்தல் வேண்டும். கன்றுகளுக்கேனும் கூரை அவசியம்.

தீனி

மாசி, பங்குனி அறுவடையில் வைக்கோலைச் சேமிப்பவரே மாரியில் மாட்டைக் காப்பர். மரக்குற்றிகளின்மேல் போராக அடுக்கி, மழை படாது மூடுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கொடுத்தலாகாது. மாரியில் முளைக்கும் இளம் புல்லில் நீரே மிகுதி; ஆதலால் மேய்ச்சலுக்கு விடுமுன் வைக்கோல் கொடுங்கள். மெலிந்த மாடுகளுக்குத் தவிடும் பிண்ணாக்கும் சேருங்கள்.

குளம்பும் நோயும்

சேற்றில் நெடுநேரம் நிற்பதனாற் குளம்பு மெதுவாகி, இடுக்கில் அழுகல் தொடங்கும். நாள்தோறும் கழுவிப் பாருங்கள். நொண்டும் மாட்டை உலர்ந்த தரையில் நிறுத்தி, 100 பங்கு நீரில் 5 பங்கு மயில்துத்தம் கரைத்துக் குளம்பைக் கழுவலாம். அந்நீர் நஞ்சாதலால் எவ்விலங்கும் அதைக் குடியாதபடி பாருங்கள்.

தொண்டை அடைப்பான் இக்காலத்தில் மாடுகளையும் எருமைகளையும் திடீரெனக் கொல்லும் நோய். கடுங்காய்ச்சலும், தொண்டை வீக்கமும், வாய்நீர் வடிதலும் இதன் குறிகள். நோய் கண்டபின் காப்பது அரிது. மாரி தொடங்குமுன்னரே கால்நடை வைத்தியரைக் கொண்டு தடுப்பூசி போடுவியுங்கள்.

விறைத்த மாட்டுக்குச் செய்வது

காற்றுப் படாத இடத்திற்குக் கொண்டுசென்று, உலர்ந்த சாக்கினால் உடலை நன்கு தேய்த்துப் போர்த்துங்கள். நெஞ்சின்மேற் படுக்கும்படி வைக்கோலால் அணைகொடுங்கள். எழுந்து விழுங்கக்கூடியதாயின் இளஞ்சூடான நீரும் வைக்கோலும் கொடுக்கலாம். விழுங்க இயலாத மாட்டுக்கு எதனையும் வாயில் ஊற்றற்க. வைத்தியருக்கு உடனே அறிவியுங்கள். இறந்த மாட்டை இறைச்சிக்கு விற்காமல், கிணற்றுக்குத் தொலைவில் ஆழமாகப் புதைத்தல் வேண்டும்.

கிடுகும் வைக்கோலும் உங்கள் வளவிலேயே கிடைப்பவை. புரட்டாதியிலேயே அவற்றை ஆயத்தம் செய்யுங்கள்.