கேமரா வராத காலத்துப் போர் முதல் குண்டு தாங்கிய கேமரா வரை... தெரியுமா?

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து நெற்கட்டும்செவல் பாளையத்தின் பூலித்தேவர் கும்பினிப் படையை எதிர்த்து நின்றது 1755-ல். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படமோ 1826-27 வாக்கில் எடுத்தது! அந்தப் போருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. ஆனாலும் ஊர் மறந்ததா? சங்கரநாராயணர் கோயிலுக்குள் அவர் மறைந்ததாகச் சொல்லும் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்! போரின் நினைவு நிலைக்க இருவர் வேண்டும்: பதிகிறவர் ஒருவர், பத்திரப்படுத்துகிறவர் ஒருவர்.

★ கேமராவுக்கு முன் நம்மவர்கள் கல்லில் பதிந்தார்கள், தெரியுமா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகற்களில் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனைத் தமிழி எழுத்தில் சொல்கிறது. 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய நினைவு!

★ போர்முனைக்கு இருட்டறையையே வண்டியில் கொண்டுபோனவர் யார் தெரியுமா? ரோஜர் ஃபென்டன்! 1855, கிரிமியா. ஒயின் வியாபாரியின் குதிரைவண்டியை வாங்கி மாற்றி அமைத்தார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். பாய்ந்தோடும் குதிரையெல்லாம் அதில் பதியாது. அப்படியும் 350-க்கு மேற்பட்ட படங்கள்!

★ சென்னையும் போர்ப் படத்தில் இருக்கிறது! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் குண்டு வீச, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்தக் காட்சியின் படங்கள் இன்றும் இருக்கின்றன. உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டும் உண்டு.

★ மண்ணில் புதைத்த கேமரா தெரியுமா? 1940-ல் ஜெர்மானியரிடம் சிக்குவதற்கு முன் தன் லைக்கா கேமராவைப் புதைத்தார் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். இரண்டு முறை தப்ப முயன்று, மூன்றாவது முறை தப்பி வந்து தோண்டி எடுத்தார்! 1948-ல் காந்தியடிகளைக் கடைசி நாளில் சந்தித்ததும், இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்ததும் அவரே.

★ ஸ்பெயின் உள்நாட்டுப் போரை எடுத்த ராபர்ட் காப்பா, கெர்டா டாரோ, சிம் ஆகியோரின் சுமார் 4,500 நெகட்டிவ்கள் 1939-ல் காணாமல் போயின. மெக்சிகோவில் யாரோ அவற்றைக் காத்து வைத்திருந்த மூன்று பெட்டிகள் 2007-ல் நியூயார்க் வந்து சேர்ந்தன! டாரோ 1937-லேயே போர்முனையில் இறந்துவிட்டார். வயது 26.

★ உயிர் காத்த கேமரா! 1970, கம்போடியா. போர்ப் புகைப்படக் கலைஞர் டான் மெக்கல்லினை நோக்கி வந்த துப்பாக்கிக் குண்டை அவருடைய நிக்கான் தாங்கியது.

★ எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ரோஹிங்கியா மக்களின் துயரப் படங்களுக்காக 2018-ல் புலிட்சர் பெற்ற குழுவில் இருந்த நம் டேனிஷ் சித்திக்கி, 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் பணியின்போதே கொல்லப்பட்டார்.

பதிகிறவர்கள் உயிரையே கொடுத்துவிட்டார்கள். பத்திரப்படுத்துவது நம் வேலை! உங்கள் வீட்டுப் பரணில், பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் படம் இருக்கிறதா? அவர் பெயர், படைப்பிரிவு, ஊர், வருடம் எல்லாவற்றையும் பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்!