எழுதுகிறவர் மேசையை விட்டு எழுந்தால் என்னவெல்லாம் கிடைக்கும், தெரியுமா?

கடையில் வாங்கிய ஏலக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் காயை டப்பாவில் கொட்டிய பிறகு, கசங்கிய காகிதத்தை நீவி வைத்துக்கொண்டு கிழிந்த வரி வரைக்கும் ஒன்றுவிடாமல் படிக்கிறாரா ஒருவர்? சந்தேகமே வேண்டாம், அவர் எழுதிப் பிழைக்கிறவர்! இந்தப் பழக்கத்துக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகிறது, தெரியுமா? 1605-இல் வெளிவந்த ‘டான் குயிக்ஸாட்’ நாவலில் ஒரு வாள்சண்டை, ஓங்கிய வாள் ஓங்கியபடியே இருக்க, பாதியில் நின்றுவிடுகிறது. மிச்சக் கதை எங்கிருந்து கிடைக்கிறது? டொலேடோ நகரத்துக் கடைவீதியில், பட்டு வியாபாரியிடம் ஒரு பையன் விற்க வந்த பழைய நோட்டுகளிலிருந்து! தெருவில் கிடக்கும் கிழிசல் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள் நான் என்று கதைசொல்லியே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். பொட்டலக் காகிதம் படிக்கிற நம் எல்லோருக்கும் அவர்தான் பாட்டனார்.

எழுதிப் பிழைக்கிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி. வீடுதான் ஆபீஸ். போடிநாயக்கனூரில் அப்படி உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஜன்னலுக்கு வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை. எழுதும் நேரத்தில் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் படிப்பார், டீக்குப் போவார், சும்மா நடப்பார், மத்தியானம் கண்ணசருவார். பார்க்கிறவர்களுக்கு இது பொழுதைப் போக்குவது. ஆனால் எழுத்தின் பாதிச் சரக்கு சேர்வது இந்த வேளையில்தான்! நம்பாதவர்கள் மேலே படியுங்கள்.

எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் என்ன வேலை பார்த்தார், தெரியுமா? பேப்பர் வெட்டினார்! செய்தித்தாள்களில் எதற்காவது உதவும் என்று தோன்றும் செய்திகளை வெட்டி, விஷயவாரியாக ஃபைலில் சேர்க்க வேண்டும். வாசலைக் கடந்து போகிறவர்களுக்கு அவர் நாள் முழுக்கப் பேப்பரைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஆசாமி. சும்மாதானே இருக்கிறார் என்று ஆளாளுக்கு உள்ளே வந்து உபதேசம் செய்துவிட்டுப் போவார்களாம். அந்த ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் ஆங்கிலக் கவிஞர் ஒருவர் வந்து பேசினார். உச்சரிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. தமிழ்ப் படம் எடுக்கிற இடத்துக்கு அவர் எதற்கு வந்தார் என்பதும் புரியவில்லை. வந்தார், பேசினார், போனார்.

இனிமேல்தான் ஆச்சரியம். பிற்பாடு ‘தி ஹிந்து’வின் ஒரு மூலையில் சின்னத் துணுக்கு: ‘என்கவுன்டர்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை சிறுகதைப் போட்டி நடத்துகிறது. இங்கிலாந்துக்குக் கதை அனுப்பத் தபால் செலவு கொஞ்சமா? காசைச் செலவழிக்கும் முன் பத்திரிகை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாமே என்று பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போகிறார். இதழைப் பிரிக்கிறார். ஆசிரியர், ஸ்டீஃபன் ஸ்பென்டர். அடேயப்பா, ஸ்டூடியோவுக்கு வந்த அதே கவிஞர்!

அதோடும் முடியவில்லை. 1966-இல் ஜெமினியை விட்டு விலகி முழுநேர எழுத்தாளரானார் அசோகமித்திரன். கையில் நேரம் நிறைய, காசு குறைவு. மவுண்ட் ரோடு தபால் ஆபீஸ் முன்னால் நடைபாதையில் புத்தம்புதுப் புத்தகக் குவியல், ஒன்று ஐம்பது பைசா. அத்தனையும் ஒரே புத்தகத்தின் பிரதிகள்: ‘தி காட் தட் ஃபெயில்ட்’. கம்யூனிசத்தை நம்பிப் போய் மனம் உடைந்து திரும்பிய ஆறு பேர் எழுதிய கட்டுரைகள். ஆந்த்ரே ழீத், ரிச்சர்ட் ரைட், இக்னாசியோ சிலோனே, ஆர்தர் கோஸ்லர், லூயி ஃபிஷர். ஆறாவது ஆள் ஸ்டீஃபன் ஸ்பென்டர்! கம்யூனிச எதிர்ப்புக் காற்று வீசிக்கொண்டிருந்த அந்த ஸ்டூடியோவுக்கு அவர் ஏன் அழைக்கப்பட்டார் என்பது நடைபாதையில் வைத்துத்தான் விளங்கியது. ஒரு பேப்பர் துணுக்கு, ஓசி நூலகம், ஐம்பது பைசா. இந்த மூன்றும் சேர்ந்து வருஷக்கணக்கில் நின்ற முடிச்சை அவிழ்த்துவிட்டன! இதெல்லாம் வரும் அவருடைய நூலின் பகுதி சி.பி.எஸ்.இ. 12-ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பாடமாகவும் இடம்பெற்றது.

நம் ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா பெயரிலுள்ள முதல் ‘சி’ என்ன ஊர், தெரியுமா? போடிக்குக் கிட்டத்திலேயே இருக்கிற சின்னமனூர்! வளர்ந்தது வத்தலக்குண்டில். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையருக்கும், ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையாவுக்கும் அதே வத்தலக்குண்டுதான் ஊர். ஒரே ஊரில் மூன்று பேர்! செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். தான் போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எழுதாத நேரத்தில்? பொம்மை செய்தார்! விமர்சனத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்தக் கை, பொம்மை செய்வதிலும் தேர்ந்த கை. போடிக்குப் பக்கத்து மீனாட்சிபுரம், கவிஞர் நா. காமராசனைத் தந்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

நடந்துவிட்டு வந்தால் யோசனை வரும் என்பது வெறும் சமாதானம் இல்லை, தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனையில், உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைவிட நடக்கும்போது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடியிருந்தன! வேடிக்கை என்னவென்றால், வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. வெறும் சுவருக்கே இந்தப் பலன் என்றால், மலையைப் பார்த்தபடி நடக்கிற போடிக்காரர்களுக்கு? ஆர்.கே. நாராயணன் மைசூர்த் தெருக்களில் தினமும் நடந்தார், கண்டவர்களோடெல்லாம் நின்று பேசினார். சென்னையிலிருந்து வந்த ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்குத் துண்டுச் செய்தி எழுதி அனுப்பிய காலத்தில் அந்த நடைதான் அவருக்குச் சம்பாத்தியம்.

போடியிலிருந்து மலைக்கு நடக்க வேண்டாம், பஸ் ஏறினால் போதும். பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் போடிமெட்டு. அங்கிருந்து ஏலத்தோட்டம். ஏலச்செடியின் பூவைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? செடி ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். பூவைத் தேடி அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, குனிய வேண்டும். தூரிலிருந்து கிளம்பி, பல ரகங்களில் தரையோடு தரையாகப் படர்ந்து போகும் சரத்தில்தான் பூ! நகம் அளவு வெள்ளை இதழ், அதன் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஊதா நிறக் கோடுகள். அந்தக் கோடுகள் தேனீக்கு வழிகாட்டி. பூவின் ஆயுள் ஒரே நாள். அதற்குள் தேனீ வந்தால்தான் காய். வராவிட்டால் சாயங்காலம் வாடி உதிர்ந்துவிடும். நம் பாயசத்தில் மிதக்கிற ஒவ்வொரு காயும், ஒரு தேனீ தவறாமல் வந்து போனதற்குச் சாட்சி! காயும் தரையோரம் என்பதால் பறிக்கிற பெண்கள் ஈர மண்ணில் குந்தியபடியே செடி செடியாக நகர வேண்டும். பழுத்து வெடிக்கவும் கூடாது, பிஞ்சாகவும் கூடாது. பதம் பார்த்து விரல் பறிக்கிறது. விடிவதற்கு முன்னால் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிக் கேரள எல்லை தாண்டிப் போகிறவர்களில் பலர் இந்த வேலைக்காரர்கள். ஏலக்காய் பற்றி எழுத உட்காரும் யாரும் முதலில் அவர்கள் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பறித்த காய் உலர்ந்து, தரம் பிரிந்து எங்கே வருகிறது? ஏலத்துக்கு! நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இரண்டே ஊரில்: மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புத்தடி, இந்தப் பக்கம் நம் போடி. வியாபாரி மாதிரிக் காயைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, உருட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரில் விலை கேட்கிறார். 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது, ஞாபகம் இருக்கிறதா? இன்னொரு ஆச்சரியம். ஏலக்காய் இந்த மலைகளுக்குச் சொந்தமானது, ஆனால் உலகச் சந்தைக்கு அதிகமாக விளைவித்து அனுப்புவது மத்திய அமெரிக்காவின் கவுதமாலா! நூறு வருஷத்துக்குச் சற்று முன்பு ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்டது, அப்படிப் பரவிவிட்டது.

தேயிலை பற்றி எழுத வேண்டிய மத்தியானத்தில் பழைய ரயில் புத்தகத்தைத் திறந்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாள ரயில்! ஆமாம், மோனோரயில்! 1908-இல் அது இரண்டடி அகலக் குறுகிய பாதையானது. டாப் ஸ்டேஷன் வந்த தேயிலைப் பெட்டிகள் அதற்குப் பிறகு எப்படி இறங்கின? அந்தரத்தில்! கம்பிக்கயிற்றில் தொங்கியபடி, மேகத்துக்குள் புகுந்து, கீழே கொட்டக்குடிப் பக்கம் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு. அங்கிருந்து வண்டியேறிப் போடிக்கு. நம் ஊர், மலைத் தேயிலையின் வாசற்படி! 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. டாப் ஸ்டேஷனுக்கு இன்று படம் எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேர், பெயரில் ஸ்டேஷன் இருக்கிறதே, ரயில் எங்கே என்று கேட்கிறார்கள்? இந்த ஒரு விஷயத்துக்காகவே தேயிலைக் கட்டுரையை ஒரு நாள் தள்ளிப்போடலாம்.

தள்ளிப்போட்டாயிற்று, கொஞ்சம் படுக்கலாம். தலையணை போடித் தலையணை! இலவம் பஞ்சுக்குப் பேர் போன ஊராயிற்றே. இலவு காத்த கிளியைப் பாவம் என்று சொல்லியே வளர்ந்த நமக்கு அந்தப் பஞ்சின் மகிமை தெரியுமா? இழை ஒவ்வொன்றும் குழல் மாதிரி, உள்ளே காற்றால் நிறைந்தது. தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். அதனால் உலகப் போர்க்கால மிதவைச் சட்டைகளுக்குள் அடைத்தது இதே பஞ்சை! மரம் பூப்பது இரவில், மகரந்தம் சுமப்பது வௌவால். தூங்குவதற்கான பஞ்சுக்கு இரவெல்லாம் விழித்து வேலை செய்கிற கூட்டாளி! சரி, மத்தியானத் தூக்கத்தால் எழுத்துக்கு என்ன லாபம்? பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டதைக் கேளுங்கள். கணக்குப் புதிர் ஒன்றைக் கொடுத்து, இடையில் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கண் செருகுகிற அந்த முதல் கட்டத்தில் பதினைந்து விநாடியாவது இருந்தவர்களில், விழித்தே கிடந்தவர்களைவிட மூன்று மடங்கு பேர் புதிரில் ஒளிந்திருந்த குறுக்கு வழியைக் கண்டுபிடித்தார்கள்! ஆழ்ந்து தூங்கிப்போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆகவே கண்ணசருவது வேறு, தூங்குவது வேறு.

நாவலின் பெரும்பகுதியை ரயிலிலேயே எழுதியவர் உண்டு, தெரியுமா? ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப். தபால் துறை அதிகாரி. ஊர் சுற்றும் வேலை என்பதால் மடியில் பலகை வைத்து, ஓடுகிற ரயிலில் பென்சிலால் எழுதினார். மனைவி நகல் எடுத்தார். வீட்டில் கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதிய கண்டிப்பான மனிதர். அவர்கூட எழுதும் முன் அரை மணி நேரம், முந்தின நாள் எழுதியதை வாசிப்பதற்கென்று ஒதுக்கினார். நம் போடிக்கு ரயில் வந்தது 1928-இல். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். போருக்கு அப்புறம் மறுபடி போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தியது, 2023 ஜூன் 15 அன்றுதான் திரும்பி வந்தது. இப்போது போடியில் ஏறினால் மதுரை வரை, ஏன், சென்னை வரைக்கும்கூட, ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே போகலாம். எழுத ஆசையிருந்தால் ட்ரோலப் மாதிரி ஒரு பலகை போதும்.

எழுத்தாளரின் விளையாட்டு விஞ்ஞானமாக முடிந்த கதை ஒன்று. நாவலாசிரியர் விளாதிமிர் நபோக்கவுக்குப் பட்டாம்பூச்சிப் பைத்தியம். ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் அவற்றை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். கோடையில் வலையோடு அமெரிக்க மலைகளில் அலைந்தார். அலைந்த இடைவேளைகளில் அட்டைகளில் எழுதியதுதான் ‘லோலிதா’. நீலநிறப் பட்டாம்பூச்சிக் குடும்பம் ஒன்று ஆசியாவிலிருந்து ஐந்து அலைகளாக அமெரிக்காவுக்குப் போனது என்று 1945-இல் அவர் எழுதியபோது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2011-இல் மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி! ஐந்து என்பதும் சரி!

நம் சரிவுகளில் நீல நிறத்துக்கென்று ஒரு வருஷமே இருக்கிறதே! நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. பூத்து விதை உதிர்த்த செடி பட்டுப்போகும்; விதையிலிருந்து எழுகிற புதுச்செடி பன்னிரண்டு வருஷம் ஒரு பூக்கூடக் காட்டாமல் நிற்கும். அடுத்தது 2030. அதுவரை குறிஞ்சி பற்றிக் கிடைக்கிற அத்தனையும் படித்து நோட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் எந்தப் பத்திரிகைக்கும் எழுத ஒத்துக்கொள்ளப்போவதில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்பில் முன் ஸீட் எனக்கு.