தாழ்ப்பாளுக்குள் அடைபட்ட வாயு



துப்பாக்கி என்றால் அதன் வாய்க்கு எதிரே நிற்பவருக்குத்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். அதன் பின்னால் கன்னத்தை வைத்துக் குறிபார்ப்பவருக்கும் ஆபத்து உண்டு. குழலுக்குள் பிறக்கும் வாயு அளவு மீறினால், முன்னே போக வேண்டிய வேகம் பின்னே திரும்பி முகத்தில் பாயும். அது எப்படி நேருகிறது, அதைத் தடுக்கத் துப்பாக்கி செய்தவர்கள் என்ன ஏற்பாடு செய்தார்கள், நாம் எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

தோட்டத்தில் வாழும் நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூருக்குள் நுழைந்த ஜப்பானியச் சிப்பாய்களின் தோளில் அரிசாக்கா ரைபிள் இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தோட்டங்களுக்குக் காவல் நின்ற சிறப்புக் காவலர்களின் கையில் .303 ரைபிள் இருந்தது. இன்றும் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளைத் தின்று அழிக்கும்போது, உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியுடன் வருவது உண்டு. வழிகாட்டவும், அடித்த பன்றியைத் தூக்கி வரவும் நம் பிள்ளைகள் கூடப் போகிறார்கள். ஆகவே இந்த அறிவு நமக்கும் தேவைதான்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். அதில் நான்கு பொருள்கள் உள்ளன. முன்னால் ஈயக் குண்டு. அதைப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. கூட்டுக்குள் வெடிமருந்து. கூட்டின் அடியில், நடுவில், கேப்பு. விசையை இழுத்தால் ஊசி கேப்பைக் குத்துகிறது. கேப்பின் நெருப்பு மருந்தைப் பற்றவைக்கிறது. கண் இமைப்பதற்குள் மருந்து முழுவதும் வாயுவாக மாறிக் குண்டை வெளியே தள்ளுகிறது.

அந்த வாயுவின் அழுத்தம் எவ்வளவு? நாம் அறிந்த பொருள்களோடு ஒப்பிடுவோம். சமையலறைப் பிரஷர் குக்கரில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 15 பவுண்டு அழுத்தம். காரின் டயரில் 30 பவுண்டு. ஆலையில் செம்பனைக் குலைகளை அவிக்கும் கலனில் ஏறத்தாழ 40 பவுண்டு. ஆலைப் பாய்லரில் சில நூறு பவுண்டு. .303 ரைபிளின் மருந்தறையிலோ ஏறத்தாழ 53,000 பவுண்டு! குக்கரைப்போல மூவாயிரத்து ஐந்நூறு மடங்கு. அது நீடிப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். ஆனாலும் அந்த நேரம் முழுவதும் சுடுபவரின் முகம் அந்த அறைக்குச் சில அங்குல தூரத்தில் இருக்கிறது.

இந்த அழுத்தத்தைப் பின்னால் தடுப்பது எது? நம் வீட்டுக் கதவில் உள்ள தாழ்ப்பாளைப் போன்ற ஓர் எஃகு உருளை. அதைத்தான் போல்ட் என்கிறார்கள். முன்னே தள்ளிக் கீழே திருப்பினால், அதன் காதுகள் துப்பாக்கியின் உடலில் உள்ள பள்ளங்களில் போய் மாட்டிக்கொள்ளும். போல்ட் தோட்டாவைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் வாயு பின்னால் கசியாமல் அடைப்பது போல்ட் அன்று. மெல்லிய பித்தளைக் கூடுதான். அழுத்தம் ஏறியதும் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, குக்கர் மூடியின் ரப்பர் வளையம் செய்யும் வேலையைச் செய்கிறது. கூடு கிழிந்தாலும், கேப்பு துளைபட்டாலும், வாயு பின்பக்கம் வழி தேடும்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த பெரியவர்களுக்கு நீராவி இன்ஜின் சீறிய ஓசை நினைவிருக்கும். அழுத்தம் மிகுந்தால் சேஃப்டி வால்வு தானே திறந்து நீராவியை வெளியேற்றும். துப்பாக்கியில் அப்படித் திறக்கும் வால்வு கிடையாது. கசிந்துவிட்ட வாயு முகத்துக்கு வராமல் வேறு பக்கம் போக வழி மட்டுமே விடமுடியும்.

அந்த வழியை நன்கு அமைத்தவர் ஜெர்மனியின் பால் மவுசர். 1898ஆம் ஆண்டு ரைபிளில் முன்னால் இரண்டு காதுகள் வைத்தார். அவை உடைந்தாலும் போல்ட் பின்னால் பறக்காதபடி மூன்றாவது காது ஒன்றும் வைத்தார். கசியும் வாயு வெளியேற போல்ட்டில் இரண்டு துளைகள் போட்டார். அதையும் மீறி வருவதைத் திருப்பிவிடப் பின்னால் ஓர் அகன்ற விளிம்பு வைத்தார். இன்றைய வேட்டை ரைபிள்கள் பல அந்த அமைப்பைப் பின்பற்றியவையே. ஜப்பானிய அரிசாக்காவிலும் இதே கவனம் உண்டு. 1905ஆம் ஆண்டு மாதிரியில் மருந்தறையின் மேல்பக்கம் இரண்டு துளைகளைக் காணலாம்.

அமைப்பு நன்றாக இருந்தால் போதுமா? எஃகும் நன்றாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு 1903 ரைபிள்கள் சில 1917ஆம் ஆண்டில் சுடும்போதே உடைந்து சிதறின. ஆராய்ந்தபோது காரணம் பட்டறையில் கிடைத்தது. எஃகைக் காய்ச்சும் தொழிலாளிகள் அதன் சூட்டை நிறத்தைக் கொண்டு, கண்ணால் மதிப்பிட்டு வந்தார்கள். வெயில் அடிக்கும் நாளில் சிவந்த எஃகு மங்கலாகத் தெரியும். மேகமூட்ட நாளில் பளிச்சென்று தெரியும். ஆகவே வெயில் நாளில் அளவுக்கு மேல் காய்ச்சிவிட்டார்கள். அப்படிக் காய்ந்த எஃகு கடினமாக இருந்ததே தவிர, கண்ணாடிபோல் உடையும் தன்மை பெற்றுவிட்டது. அனுபவசாலியின் கண்ணுக்கும் அளவுகருவி துணை வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

இந்தியாவில் இதே பிரச்சினையை முன்கூட்டியே உணர்ந்து சரிசெய்தார்கள். கல்கத்தா அருகே இஷாப்பூரில் அரசாங்க ரைபிள் தொழிற்சாலை உண்டு. அங்கே பல ஆண்டுகளாக .303 ரைபிள்கள் செய்துவந்தார்கள். 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற ரைபிள் தேவைப்பட்டது. அந்தத் தோட்டாவின் அழுத்தம் ஏறத்தாழ 60,000 பவுண்டு. பழைய வடிவமே போதும், பழைய எஃகு போதாது என்று கண்டு, மேலும் உறுதியான எஃகில் புதிய ரைபிளைச் செய்தார்கள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். தாங்கும் சக்தி வேறு. எந்தத் துப்பாக்கி எவ்வளவு தாங்கும் என்பதை உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி, அழுத்தம் அளவு மீறுவதற்கான காரணங்களைக் காண்போம்.

முதலாவது, குழலில் அடைப்பு. நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கியின் வாய் சேற்றில் குத்தினாலோ, குழலில் நீர் தேங்கினாலோ, குளவி கூடு கட்டினாலோ, குண்டு போகும் வழி அடைபடும். சிறிது மண்தானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. சுடும் முன் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும். சுடும்போது ஓசை வழக்கத்தைவிட மெலிவாகக் கேட்டால், குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது.

இரண்டாவது, தவறான தோட்டா. இங்கே அதிகம் புழங்கும் செனாப்பாங் பாத்தா என்னும் மடக்குத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். 20ஆம் எண் தோட்டாவை 12ஆம் எண் துப்பாக்கியில் போட்டால், அது வழுக்கிக் குழலுக்குள் போய் நின்றுகொள்ளும். அறை காலியாக இருக்கிறதே என்று பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து, அதைத் தாங்கியிருக்கும் கை சிதைந்துபோகும். இரண்டு வகையையும் ஒரே பையில் போடாமலிருப்பதே நல்லது.

மூன்றாவது, சூடும் எண்ணெயும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த தோட்டாவின் மருந்து வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். மருந்தறையில் எண்ணெய் வழிந்தால், பித்தளைக் கூடு சுவரைப் பற்றிக்கொள்ள முடியாமல் போல்ட்டின் மீது முழுப் பலத்துடன் மோதும்.

துப்பாக்கி முன்னறிவிப்பும் கொடுக்கும். சுட்டபின் போல்ட் திறக்க மறுக்கிறதா? கேப்பு தட்டையாக நசுங்கியிருக்கிறதா, துளைபட்டிருக்கிறதா? கூட்டில் வெடிப்பு தெரிகிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைய வேட்டையை நிறுத்திவிட்டு, துப்பாக்கி பழுதுபார்க்கும் அனுபவசாலியிடம் காட்ட வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. துப்பாக்கியை ஆளில்லாத பக்கம் நோக்கியபடியே குறைந்தது அரை நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். சுடுபவர் கண்ணாடி அணிவது கண்ணுக்குக் காப்பு. உடன் போகிறவர்கள் பக்கத்தில் ஒட்டி நிற்காமல், விலகிப் பின்னால் நிற்க வேண்டும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தில் மண் வெட்டும்போது பழைய தோட்டா கிடைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். சுத்தியலால் தட்டவோ அடுப்பில் போடவோ வேண்டாம். துப்பாக்கிக்கு வெளியே வெடிக்கும் தோட்டாவில், தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லாததால் பித்தளைக் கூடு கிழிந்து சில்லுகளாகப் பறக்கும். கண்ணைக் கெடுக்க ஒரு சில்லு போதும். கிடைத்த இடத்தைத் தொடாமல் அடையாளம் வைத்து, பெரியவர்கள் மூலம் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றமும் ஆகும்.

ஆலையில் பாய்லரின் அழுத்தமானியைப் பார்க்காமல் நெருப்பு மூட்டுகிறவர் உண்டா? துப்பாக்கியில் அழுத்தமானி இல்லை. குழலைப் பார்ப்பதும், தோட்டாவைப் பார்ப்பதும், சுட்ட கூட்டைப் பார்ப்பதுமே அதற்கு அழுத்தமானி. இந்த மூன்றையும் பார்க்காதவரோடு நம் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பாதிருப்போம்.