அமெரிக்கக் குடும்பங்களின் நன்றிநாளும் கிறிஸ்துமசும்



ஆங்கிலக் கதைப் புத்தகங்களிலும் தொலைக்காட்சிப் படங்களிலும் நம் பிள்ளைகள் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறார்கள். ஒரு நீண்ட மேசை. அதைச் சுற்றிப் பாட்டன் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பமே அமர்ந்திருக்கிறது. நடுவில் பொன்னிறமாக வெந்த பெரிய வான்கோழி. "சார், அது கிறிஸ்துமசா?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். சில வேளைகளில் அது கிறிஸ்துமஸ்தான். ஆனால் பல வேளைகளில் அது, அமெரிக்க மக்கள் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை கொண்டாடும் 'தேங்க்ஸ்கிவிங்' என்னும் நன்றிநாள். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள் என்பதால், பொங்கல் வைக்கும் நமக்கு அதன் கருத்து புதிதன்று. அந்நாளையும், அதற்கு ஒரு மாதம் கழித்து வரும் கிறிஸ்துமசையும் பற்றி இன்று சிறிது விரிவாகப் பார்ப்போம்.

முதலில் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். நன்றிநாளுக்கு முந்திய நாளே சாலைகளும் விமான நிலையங்களும் நிரம்பிவிடுகின்றன. வெளியூரில் வேலை செய்பவர்கள், கல்லூரியில் படிப்பவர்கள் எல்லாரும் பெற்றோர் வீடு தேடிப் போகிறார்கள். தீபாவளிக்கு முதல் நாள் நம்மூர்ப் பேருந்து நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. வான்கோழி வேகப் பல மணி நேரம் ஆகும். ஆகவே விடியும் முன்பே யாராவது ஒருவர் எழுந்து அடுப்பை மூட்ட வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். இதிலும் உலகம் எங்கும் ஒரே கதை! ரொட்டித் துண்டுகளை மசாலையுடன் பிசைந்து வேகவைத்த 'ஸ்டஃபிங்', சர்க்கரைவள்ளிக் கிழங்கு, 'கிரான்பெரி' என்னும் புளிப்புப் பழத்தின் கூட்டு, பூசணிக்காய்க் கூழில் முட்டையும் பாலும் சீனியும் பட்டைத் தூளும் கலந்து, மாவு ஓட்டில் ஊற்றி வேகவைத்த 'பம்ப்கின் பை' ஆகியவை மேசைக்கு வரும். இடம் போதாத வீட்டில் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு சிறிய மேசை போடுவார்கள். அந்த மேசையை விட்டுப் பெரியவர்கள் மேசைக்கு எந்த ஆண்டு மாறினோம் என்பதைப் பலர் வயதான பிறகும் நினைவில் வைத்திருப்பார்கள்.

சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் தாம் எதற்காக நன்றியுடன் இருக்கிறோம் என்று சொல்வது பல குடும்பங்களின் வழக்கம். வான்கோழியின் கழுத்தடியில் உள்ள கவை போன்ற எலும்பைக் காயவைத்து, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பதும் உண்டு. பெரிய துண்டு யார் கையில் வருகிறதோ, அவர் நினைத்தது நடக்குமாம். மிஞ்சிய இறைச்சியை மறுநாளும் அதற்கு மறுநாளும் ரொட்டியில் வைத்துத் தின்பார்கள்.

அந்தக் கிரான்பெரிப் பழத்தைப் பற்றித் தோட்டத்து மக்களாகிய நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறக்குறையச் சுண்டைக்காய் அளவுள்ள சிவந்த பழம் அது. மணலும் சேறும் கலந்த தாழ்ந்த நிலத்தில் படரும் கொடியில் காய்க்கிறது. மாசசூசெட்ஸ், விஸ்கான்சின் மாநிலங்களில் பெருமளவில் பயிராகிறது. பழத்தின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் அது நீரில் மிதக்கும். இப்போது வயலில் நீரைத் தேக்கி, கொடியை உலுக்கிப் பழங்களை மிதக்கவிட்டு வாரிவிடுகிறார்கள். முற்காலத்திலோ ஆட்கள் முழங்காலிட்டு, கையாலும் பல் வைத்த மரச் சீப்புப் பெட்டியாலும் கொடியைச் சீவிப் பறித்தார்கள். மாசசூசெட்ஸில் அந்த வேலையைச் செய்தவர்களில் பலர், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

மேசையில் இருக்கும் உணவைப் பறித்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வியை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒருமுறை நேராகவே கேட்டது. 1960ஆம் ஆண்டு நன்றிநாளுக்கு மறுநாள், சி.பி.எஸ். நிறுவனம் 'ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்' என்ற செய்திப் படத்தை ஒளிபரப்பியது. அவமானத்தின் அறுவடை என்பது அதன் பொருள். எட்வர்ட் மரோ என்னும் புகழ்பெற்ற செய்தியாளர் அதில் பேசினார். ஊர் ஊராகப் போய்க் காய்கனி பறிக்கும் தொழிலாளர் குடும்பங்களின் கூலி, குடியிருப்பு, பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள் ஆகியவற்றை, வயிறாரச் சாப்பிட்டு ஓய்ந்திருந்த மக்கள் அன்று பார்த்தார்கள். வேண்டுமென்றேதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். நமக்குத் தெரிந்தவரை, ஒரு பெருநாளை இதைவிடப் பொருத்தமாகப் பயன்படுத்திய நிகழ்ச்சி வேறில்லை.

இனி, இந்நாளின் தொடக்கம். 1620ஆம் ஆண்டு 'மேஃபிளவர்' என்னும் கப்பலில் 102 பேர் இங்கிலாந்திலிருந்து பிளிமத் என்னும் இடத்திற்குப் போய்க் குடியேறினார்கள். முதல் குளிர்காலத்திலேயே அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நோயிலும் குளிரிலும் இறந்துவிட்டார்கள். அந்த மண்ணின் மக்களான வாம்பனோக் இனத்தாரோடு உறவு ஏற்பட்டதாலும், டிஸ்குவான்டம் என்பவர் மீனை உரமாக இட்டு மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக் கொடுத்ததாலும் மற்றவர்கள் பிழைத்தார்கள். 1621ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் மூன்று நாள் விருந்து நடந்தது. வாம்பனோக் தலைவர் மாசசோயிட் சுமார் 90 ஆட்களுடன் வந்து, ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார். இவ்வளவும் எட்வர்ட் வின்ஸ்லோ என்ற குடியேறி எழுதிய கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்தக் கடிதத்தில் காட்டுப் பறவைகளைச் சுட்டது பற்றி இருக்கிறது. வான்கோழி என்று பெயர் குறிக்கவில்லை.

பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் கதையை இந்த விருந்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பின் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 1675ஆம் ஆண்டில் குடியேறிகளுக்கும் வாம்பனோக் மக்களுக்கும் போர் மூண்டது. விருந்துக்கு வந்த அதே மாசசோயிட்டின் மகன் மெட்டகாம் 1676இல் கொல்லப்பட்டார். அவருடைய தலை பிளிமத் ஊரில் பல ஆண்டுகள் கம்பத்தில் கிடந்தது. ஆகவேதான் 1970ஆம் ஆண்டிலிருந்து அந்த மண்ணின் மக்களில் ஒரு பகுதியினர், நன்றிநாளன்று பிளிமத்தில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரித்து வருகிறார்கள். ஒரு வீட்டில் விருந்து நடக்கும் நாளே இன்னொரு வீட்டில் துக்க நாளாக இருக்க முடியும்.

1621ஆம் ஆண்டு விருந்து நாடு முழுவதற்கும் உரிய விடுமுறையாக உடனே மாறிவிடவில்லை. இங்கேதான் ஒரு கைம்பெண்ணின் கதை வருகிறது. ஸேரா ஜோசபா ஹேல் என்பது அவர் பெயர். பெயர் தெரியாவிட்டாலும் அவர் 1830இல் வெளியிட்ட பாட்டை நம் பாலர் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாடுவார்கள். 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்' என்ற ஆட்டுக்குட்டிப் பாட்டுதான் அது. 1822இல் கணவர் இறந்தபோது அவருக்கு நான்கு பிள்ளைகள். ஐந்தாவது குழந்தை வயிற்றில். எழுதித்தான் அவர் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1837 முதல் 1877 வரை 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் பெண்கள் இதழின் ஆசிரியராக இருந்தார். பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களில் ஆளுக்கொரு நாளாகக் கொண்டாடிக் கொண்டிருந்த நன்றிநாளை, நாடு முழுவதும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று ஆண்டுதோறும் தம் இதழில் எழுதினார். மாநில ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார். ஒரு தலைவர் கேட்காவிட்டால் அடுத்தவருக்கு எழுதினார்.

1863ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் கடுமையாக நடந்து கொண்டிருந்தது. செப்டம்பர் 28ஆம் நாள் ஆபிரகாம் லிங்கனுக்கு அந்த அம்மையாரின் கடிதம் எழுதப்பட்டது. அக்டோபர் 3ஆம் நாள் லிங்கனின் அறிவிப்பு வந்தது. நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமை நன்றிநாள் என்றும், போரில் கைம்பெண்களானவர்களையும் அநாதைகளையும் அன்று நினைத்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறியது. ஸேரா ஹேலுக்கு அப்போது வயது 74. இன்று அந்த மேசையைச் சுற்றி உட்காருபவர்களில் எத்தனை பேர் அவரை நினைக்கிறார்களோ!

1939இல் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். கடைசி வியாழன் 30ஆம் நாள் விழுந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று வணிகர்கள் முறையிட, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நன்றிநாளை ஒரு வாரம் முன்னே தள்ளினார். ஏறக்குறையப் பாதி மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன, மற்றவை மறுத்துவிட்டன. தந்தைக்கு ஒரு வாரம் விடுமுறை, பக்கத்து மாநிலத்தில் படிக்கும் மகனுக்கு வேறு வாரம் விடுமுறை என்று குடும்பங்கள் சேர்ந்து உட்கார முடியாமல் தவித்தன. 1941இல் நான்காம் வியாழன் என்று சட்டம் போட்ட பிறகே குழப்பம் தீர்ந்தது.

இனிக் கிறிஸ்துமசுக்கு வருவோம். இன்று அமெரிக்காவில் அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை. ஆனால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். வேதத்தில் அப்படி ஒரு நாள் சொல்லப்படவில்லை என்பது அந்தக் கட்டுப்பாடு மிக்க கிறிஸ்தவர்களின் வாதம். 1681இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. வீட்டில் பச்சை மரம் வைத்து அலங்கரிப்பது ஜெர்மானியக் குடும்பங்களின் வழக்கம். அது மற்ற வீடுகளுக்குப் பரவ உதவியதும் ஸேரா ஹேலின் இதழே. விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் ஆங்கிலேயப் படம் ஒன்றை 1850இல் அந்த இதழ் வெளியிட்டது. ஆனால் மகாராணியின் தலையணியையும் அவர் கணவரின் மீசையையும் படத்திலிருந்து நீக்கி, ஏதோ ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பம் போல ஆக்கிவிட்டார்கள்! அரச வீட்டு வழக்கம் இப்படித்தான் குடியானவர் வீட்டுக்குள் நுழைந்தது.

அந்த மரத்தில் தொங்கும் பொருள்கள் பல வீடுகளில் கடையில் வாங்கியவை மட்டுமல்ல. சோளப்பொரியையும் கிரான்பெரிப் பழத்தையும் நூலில் கோத்துச் சுற்றுவார்கள். பிள்ளை முதல் வகுப்பில் அட்டையை வெட்டிச் செய்து வந்த நட்சத்திரத்தை, அவன் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் தாய் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து ஆண்டுதோறும் மாட்டுவாள்.

ஆனால் பெருநாளன்று கூடியிருக்கும் உரிமை அந்த நாட்டில் எல்லாருக்கும் கிடைத்ததில்லை. தென் மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுக்குக் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஓய்வு தருவது வழக்கம். வேறு தோட்டத்தில் இருக்கும் மனைவியையோ பிள்ளையையோ பார்க்க அந்தச் சில நாட்களே வாய்ப்பு. அடிமைத்தனத்திலிருந்து தப்பி எழுத்தாளரான ஃபிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், அந்த ஓய்வு இரக்கத்தால் தரப்பட்டதன்று, மக்கள் கிளர்ந்தெழாமல் இருப்பதற்காகவே தரப்பட்டது என்று கூறுகிறார். ஜனவரி முதல் நாளோ கொடிய நாள். அன்றுதான் அடிமைகளை ஓர் ஆண்டுக்கு வேறு முதலாளிகளிடம் வாடகைக்கு விடுவார்கள். தாயிடமிருந்து பிள்ளையை விற்பதும் உண்டு. அடிமையாக இருந்த ஹேரியட் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி தமது 1861ஆம் ஆண்டு நூலில் இதை எழுதியிருக்கிறார். நம் முன்னோரும் ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் வந்து மிகுந்த துன்பம் கண்டவர்கள்தாம். ஆயினும் அவர்கள் பெற்ற பிள்ளையைச் சந்தையில் விற்கும் உரிமை எந்தத் துரைக்கும் இருந்ததில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியாகாது.

1863ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் லிங்கனின் விடுதலை அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. முந்திய இரவு கறுப்பின மக்கள் பலர் தேவாலயங்களில் விழித்திருந்து அதற்காகக் காத்திருந்தார்கள். போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, பிரிந்துபோன உறவினரைத் தேடுவது தொடங்கியது. செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு கிறிஸ்தவ இதழ் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, சந்தாதாரர் அல்லாதவரிடம் 50 காசு வாங்கியது. போதகர்கள் அவ்விளம்பரங்களை ஆலயத்தில் உரக்கப் படித்தார்கள். தாயின் பெயர், விற்ற முதலாளியின் பெயர், கடைசியாகப் பார்த்த ஊர் ஆகியவற்றையே பெரும்பாலும் எழுதியிருந்தார்கள். விற்கப்பட்டு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் தேடினார்கள்.

இன்று ஒன்றுகூட முடிந்த குடும்பங்கள் அந்த நாளை இன்னொன்றுக்கும் பயன்படுத்துகின்றன. 2004ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி, நன்றிநாளைக் குடும்ப நலவரலாறு கேட்கும் நாளாகவும் அறிவித்தார். மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் இருக்கும்போது, யாருக்கு இனிப்புநீர், யாருக்கு இரத்தக் கொதிப்பு, யாருக்கு நெஞ்சுவலி, எந்த வயதில் வந்தது, தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். இத்தகைய நோய்கள் குடும்பவழி தொடரக் கூடும் என்பதால், அந்தத் தாளைப் பார்க்கும் மருத்துவர் எந்தச் சோதனையை முன்னதாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்யலாம். எழுதுவது ஒன்றும் கடினமன்று. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். தந்தை வழியை ஒரு பக்கமும் தாய் வழியை மறு பக்கமுமாகக் கோடு கிழித்து, பெயர், நோய், நோய் கண்ட வயது என்று மூன்று செய்திகளை எழுதினால் போதும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும். கேட்கும் பிள்ளை ஒருவன் இருந்தால் பாட்டிமார்கள் நோயோடு நிறுத்திக் கொள்வதுமில்லை. கப்பலில் வந்த கதையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.