கரு உருவாகும் முதல் 28 நாள்: ஃபோலிக் அமிலத்தை எப்போது தொடங்க வேண்டும்?

பக்கத்துச் செல் சொல்லும் செய்தி

கருவிலுள்ள செல்கள் அனைத்திலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். ஆனாலும் ஒன்று மூளையாகிறது, இன்னொன்று தோலாகிறது. அதைத் தீர்மானிப்பதில் பக்கத்துச் செல்கள் அனுப்பும் வேதிச் செய்திகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பேமனும் ஹில்டே மாங்கோல்டும் 1924-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நியூட் என்னும் நீர்நில வாழ்வியின் கருவிலிருந்து சிறு திசுவை எடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் பொருத்தினார்கள். அங்கே, மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக்குழாயோடு இரண்டாவது உடல் ஒன்று உருவாகத் தொடங்கியது. தோலாக வேண்டிய செல்களே, புதிதாக வந்த திசுவின் செய்தியால் நரம்புத் திசுவாக மாறியிருந்தன.

மூடவேண்டிய காலத்தில் மூடாவிட்டால்

மனிதக் கருவிலும் இத்தகைய செய்திகளால்தான் முதுகுப்பக்கச் செல் தகடு நரம்புத் திசுவாகிறது. அதன் இரு ஓரங்களும் மடிந்து எழுந்து, நடுவில் இணைந்து நரம்புக்குழாயாகின்றன. கருத்தரித்த 28-ஆம் நாளையொட்டி அந்தக் குழாய் மூடிவிட வேண்டும். மேல்பகுதி மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுமையாக வளர்வதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகுத்தண்டுப் பிளவு ஏற்படுகிறது. செல்கள் வேகமாகப் பெருகும் இக்கட்டத்தில் டிஎன்ஏ உருவாக ஃபோலேட் தேவை. மாதவிலக்கு தள்ளிப்போய், பரிசோதித்து, மருத்துவரைப் பார்ப்பதற்குள் பல பெண்களுக்கு அந்த நாள்கள் கடந்துவிடுகின்றன. அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே, ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கீரை போதாதா? பரம்பரை இல்லையா?

கீரையிலும் பயறிலும் ஃபோலேட் இருப்பது உண்மையே. ஆனால் சமைக்கும்போது அதில் கணிசமான பகுதி அழிந்துவிடும். தினமும் ஒரே அளவு கிடைப்பதும் இல்லை. ஆகவே கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். நரம்புக்குழாய் மூடாத குறை பரம்பரையாக வருவதானால், அதை மாத்திரை எப்படித் தடுக்கும் என்றும் கேட்கலாம். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆயினும், முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. எல்லாக் குறையையும் மாத்திரையால் தடுக்க முடியாது என்பதும் இதே ஆய்விலிருந்து தெரிகிறது. ஆகையால் இப்படிப் பிறந்த குழந்தையின் தாயைக் குற்றம் சொல்வது அநியாயம்.

செய்ய வேண்டியது

கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் வரை, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். முன்பு இக்குறை நேர்ந்தவர்களுக்கு அதிக அளவு தேவை. வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் மருத்துவரிடம் தனியாக அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர், கர்ப்பம் தரிக்கும் முன்பே ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள்.