போர்ஷே விநியோக வழிப் பிணக்கு (1984)

போர்ஷே விநியோக வழிப் பிணக்கு என்பது, 1984 ஆம் ஆண்டில் ஜெர்மானிய மகிழுந்து உற்பத்தி நிறுவனமான போர்ஷேவுக்கும், ஐக்கிய அமெரிக்காவில் அதன் மகிழுந்துகளை விற்றுவந்த வணிகர்களுக்கும் இடையே எழுந்த பிணக்கு ஆகும். வணிகர்கள் அனைவரையும் தரகு பெறும் முகவர்களாக மாற்ற நிறுவனம் முயன்றது. வணிகர்கள் நீதிமன்றத்தை நாடவே, சில வாரங்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. உயர்விலை மகிழுந்துத் துறையில் உற்பத்தியாளரின் வணிக உத்தி விற்பனையாளரின் பிழைப்போடு எவ்வாறு மோதுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

கருத்துரு

ஒரு பொருள் தொழிற்சாலையிலிருந்து வாங்குபவரை அடையும் வரை கடந்துசெல்லும் இறக்குமதியாளர், மொத்த வணிகர், சில்லறை வணிகர் ஆகியோரின் தொடர் விநியோக வழி எனப்படும். இத்தொடரில் உள்ளோரின் நலன்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது விநியோக வழிப் பிணக்கு தோன்றுகிறது.

மகிழுந்து வணிகர் பொதுவாகத் தம் சொந்தப் பணத்தில் வண்டிகளை வாங்கி இருப்பு வைத்து, தாம் விரும்பும் விலைக்கு விற்கிறார். காட்சியகம், பணிமனை, உதிரிப்பாகக் கிடங்கு ஆகியவையும் அவருடைய முதலீடே. வாங்குபவரின் பழைய வண்டியை விலைக்கு எடுத்துக்கொள்வதும் அவர்தான். சாதாரண மகிழுந்துகளில் இந்த ஏற்பாடு உற்பத்தியாளருக்கு வசதியானது. விற்காத வண்டிகளின் சுமை அவரைச் சேர்வதில்லை. உயர்விலை மகிழுந்தில் நிலைமை சற்று வேறு. அங்கு விலையும் பெருமையும் ஒட்டிப் பிறந்தவை. ஒரு வணிகர் தள்ளுபடி தந்தால் அடுத்த ஊர் வணிகரின் விற்பனை மட்டுமல்லாது வணிகப் பெயரின் மதிப்பும் குறைகிறது. தேவை மிகுந்த காலத்தில் வணிகர் கூடுதல் விலை வைத்தால், அந்த இலாபத்தில் உற்பத்தியாளருக்கு ஒன்றும் வருவதில்லை.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் போர்ஷே மகிழுந்துகளை 1950 இல் முதன்முதலாக இறக்குமதி செய்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த மாக்ஸ் ஹாஃப்மன் ஆவார். விலை குறைந்த திறந்த மகிழுந்து ஒன்று வேண்டும் என்ற அவரது வற்புறுத்தலின் விளைவாகவே 356 ஸ்பீட்ஸ்டர் உருவானது. விற்பவரின் சொல்லுக்குத் தொழிற்சாலை செவிசாய்த்த காலம் அது.

1969 அளவில் போர்ஷேவும் வோக்ஸ்வாகனும் இணைந்து விற்பனை நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தன. அமெரிக்காவில் இறக்குமதிப் பொறுப்பு வோக்ஸ்வாகனின் அமெரிக்க நிறுவனத்திடம் சென்றது. போர்ஷேவும் அவுடியும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் விற்கப்பட்டன. அதாவது, தன் மிகப் பெரிய சந்தையில் வாங்குபவர் யார், அவர் என்ன விரும்புகிறார் என்பதைப் போர்ஷே இரண்டு கை தாண்டியே அறிய முடிந்தது.

1981 இல் தலைமைப் பொறுப்பேற்ற பீட்டர் ஷூட்ஸ், பெர்லினில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பொறியாளர். நிறுத்தப்படவிருந்த 911 வகையைத் தொடர்ந்து உருவாக்கச் செய்தவர் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறார். வோக்ஸ்வாகனுடனான விநியோக உடன்பாடு 1984 ஆகஸ்டு மாதத்துடன் முடிவடையவிருந்தது. அதனைப் புதுப்பிக்காமல், நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் தன் சொந்த இறக்குமதி நிறுவனத்தை அமைக்கப் போர்ஷே முடிவு செய்தது.

திட்டமும் எதிர்ப்பும்

1984 பெப்ரவரியில் வெளியான திட்டம் இறக்குமதியாளரை மாற்றுவதோடு நிற்கவில்லை. நாட்டில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட வணிகர்கள் இனி முகவர்களாக இருப்பர். வண்டிகளை இருப்பு வைக்க மாட்டார்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான சுமார் 40 மையங்களிலிருந்து அவற்றைப் பெறுவர். இம்மையங்கள் வாங்குபவர்களுக்கு நேரடியாகவும் விற்கும். வண்டியின் விலையில் ஏறத்தாழ 16 முதல் 18 விழுக்காடு வரை இலாபம் கண்ட வணிகருக்கு, இனி சுமார் 8 விழுக்காடு தரகு கிடைக்கும்.

நிறுவனத்தின் நோக்கில் இது நியாயமான பேரமாகவே தோன்றியது. இருப்பில் முடங்கும் முதலும் அதற்கான வட்டியும் இல்லாதபோது பாதி வருவாய் போதும் என்பது கணக்கு. வாங்குபவருக்கும் தாம் விரும்பும் நிறமும் கருவிகளும் கொண்ட வண்டி பொதுக் கிடங்கிலிருந்து விரைவில் கிடைக்கும்.

கணக்கில் விடுபட்டது ஒன்று உண்டு. வணிகரின் சொத்து கட்டடமும் இருப்பும் மட்டுமன்று. ஒரு பகுதியில் போர்ஷே விற்கும் உரிமையே பெரும் விலை பெறக்கூடிய சொத்தாக இருந்தது. அதை விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம், வங்கியில் காட்டிக் கடன் பெறலாம். முகவர் நிலையில் அந்த மதிப்பு மறைந்துவிடும். மேலும் தொழிற்சாலையே பக்கத்துத் தெருவில் போட்டியாளராக வந்து நிற்கும். பல ஆண்டுகள் உழைத்து வாடிக்கையாளரைச் சேர்த்தவர்கள் இதனை நம்பிக்கைத் துரோகமாகக் கண்டதில் வியப்பில்லை. வணிகர்களிடம் முன்கூட்டியே கலந்துபேசாமல் திட்டத்தை முடிந்த முடிவாக அறிவித்தமை சினத்தைக் கூட்டியது.

சட்டமும் வணிகர் பக்கமே சாய்ந்திருந்தது. 1956 இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், உற்பத்தியாளர் நன்னம்பிக்கையின்றி உடன்பாட்டை முறித்தாலோ புதுப்பிக்க மறுத்தாலோ வழக்குத் தொடரும் உரிமையை மகிழுந்து வணிகர்களுக்குத் தருகிறது. மாநிலச் சட்டங்கள் பலவும் உற்பத்தியாளர் தம் வணிகர்களோடு போட்டியிட்டு விற்பதைத் தடுக்கின்றன. சில நூறு கோடி டாலர் இழப்பீடு கோரி வழக்குகள் எழுந்தன. அப்போது போர்ஷே உற்பத்தியில் ஏறத்தாழ பாதி அமெரிக்காவில் விற்பனையானதால், வழக்குகள் முடியும்வரை காத்திருப்பது இயலாததாயிற்று. மார்ச்சு மாதத்தில் ஷூட்ஸ் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

விளைவு

இதனை முழுத் தோல்வி என்பது பொருந்தாது. இறக்குமதிப் பொறுப்பை வோக்ஸ்வாகனிடமிருந்து மீட்கும் பகுதி நிறைவேறியது. ரீனோவில் அமைந்த நிறுவனம் வழக்கமான வணிகர்கள் வழியாகவே விற்பனையைத் தொடர்ந்தது. மேல்நிலை இடையாளரின் உடன்பாட்டுக்கு முடிவுநாள் இருந்தது. கீழ்நிலை இடையாளருக்குச் சட்டக் காப்பு இருந்தது. இந்த வேறுபாடே முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

1986 இல் அமெரிக்க விற்பனை ஆண்டுக்கு 30,000 வண்டிகளை எட்டியது. பின்னர் டாலர் மதிப்பு வீழ்ந்ததாலும், 1987 பங்குச்சந்தைச் சரிவாலும் 1993 இல் 4,000 க்கும் கீழே இறங்கியது. முகவர் முறை நிறைவேறியிருந்தால் அந்த ஆண்டுகளில் தேங்கிய இருப்பின் சுமை முழுவதும் போர்ஷேவின் தலையில் விழுந்திருக்கும்.

பிற்கால நிகழ்வுகள்

இதே கேள்வியை டெஸ்லா வேறு வகையில் எதிர்கொண்டது. அதற்குப் பழைய வணிகர்கள் எவரும் இல்லை. தொடக்கம் முதல் சொந்தக் கடைகளில் விற்றது. மாசச்சூசெட்ஸ் வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், மாநில உச்ச நீதிமன்றம் 2014 இல் டெஸ்லாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வணிகரைத் தம் சொந்த உற்பத்தியாளரிடமிருந்து காப்பதே சட்டத்தின் நோக்கம், பிற உற்பத்தியாளரின் போட்டியிலிருந்து காப்பதன்று என்பது அதன் சாரம். டெக்சாஸ் மாநிலத்திலோ, தொழிற்சாலை அமைத்த பின்னரும் டெஸ்லாவுக்கு நேரடிக் கடை விற்பனை அனுமதிக்கப்படவில்லை.

ஷூட்ஸ் கைவிட்ட முகவர் முறையை மெர்சிடிஸ்-பென்ஸ் பல நாடுகளில் செயற்படுத்தியது. இந்தியாவில் 2021 அக்டோபரில் இது தொடங்கியது: இருப்பு நிறுவனத்துடையது, விலைச்சீட்டை நிறுவனமே வழங்குகிறது, முகவர் தரகு பெறுகிறார். ஆஸ்திரேலியாவில் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது, வணிகர்களில் பெரும்பாலானோர் 65 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தனர். தாங்கள் வளர்த்த வாடிக்கையாளர் நன்மதிப்பை நிறுவனம் இழப்பீடின்றி எடுத்துக்கொண்டது என்பது அவர்களின் வாதம். 2023 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.