மலைப்பாம்புக்கு மூச்சிரைத்தால் தென்காசியில் எங்கே போவது?

தென்காசியில் பசு படுத்துவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை வரவழைக்கலாம். நாய்க்கும் ஆட்டுக்கும் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. பன்னிரண்டு அடி மலைப்பாம்பு ஒன்று தலையைத் தூக்கி, வாயைப் பிளந்தபடி மூச்சுக்குத் திணறினால்? அந்தப் பாம்பு யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். வைத்தியமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குற்றாலம், புளியரை, மேக்கரைப் பக்கத்துத் தோப்புகளில் காணும் மலைப்பாம்பு, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையைச் சேர்ந்தது. யானைக்கும் புலிக்கும் அதே இடம்தான். வீட்டில் வளர்த்தால், 2022 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குட்டியாகக் கிடைத்தது, பாவமாக இருந்தது என்று எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அரசுச் சொத்தான விலங்கு எப்படிக் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களில் வாழும் பர்மிய மலைப்பாம்பும் இதே அட்டவணையில்தான் இருக்கிறது. ‘வெளிநாட்டு ஜாதி’ என்று விற்பவர் சொல்வதை நம்பி அதை வாங்கியவர்கள் உண்டு.

சட்டப்படி வளர்க்க மிஞ்சுவது ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு, தென்னமெரிக்க போவா போன்ற அயல் இனங்கள். இவற்றுக்கும் 2024 பிப்ரவரியில் தனி விதிகள் வந்துவிட்டன. மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிய வேண்டும். குட்டி போட்டாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். பெட்டியில் துணிமணிக்கு நடுவே சுருட்டி வைத்துச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் சிக்கும் பந்து மலைப்பாம்புகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். சிக்காமல் ஊருக்குள் வந்தவைக்குத் தாள் ஏது? தாள் இல்லாதவர் மருத்துவரிடம் போகவும் பயப்படுகிறார். பாம்பு வைத்தியத்தில் காலம் கடந்துபோவதற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம்.

இன்னொரு காரணம் பாம்பின் உடம்பே. நல்ல நிலையிலேயே மாதக்கணக்கில் இரை எடுக்காமல் கிடக்கக்கூடிய பிராணி அது. தோல் உரிக்கும் முன் கண் பால்படிந்து மங்கும், அசையாமல் கிடக்கும். எது நோய், எது இயல்பு என்று வளர்ப்பவருக்குப் பிடிபடுவதற்குள் நோய் முற்றிவிடும். மூச்சுக் கோளாறு இதில் மோசம். பாம்புக்கு நம்மைப்போல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் கிடையாது. இருமிச் சளியைத் துப்ப முடியாது. நுரையீரலில் சேர்ந்த சளி அங்கேயே கெட்டுப்போகிறது. மூச்சு விடும்போது ‘கர்’ரென்று சத்தம், வாயோரத்தில் நுரை, காற்றுக்காகத் தலையை மேலே தூக்கிப் பிடித்தல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலே நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஈறு வீங்கிச் சீழ் கோத்து வாய் முழுவதும் மூடாத வாய்ப்புண்ணும் அப்படித்தான். கவனிக்காவிட்டால் தாடை எலும்பு வரை போகும்.

குற்றாலத்துக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. ஆனி, ஆடிச் சாரலுக்கு ஊரே குளித்து மகிழும். கூண்டிலிருக்கும் பாம்புக்கு அதே சாரல் ஆகாது. மலைப்பாம்பு தன் உடம்புச் சூட்டை வெளியிலிருந்து வாங்குகிறது. 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். காட்டுப் பாம்பு வெயில் விழும் பாறையைத் தேடிப் போய்விடும். கண்ணாடித் தொட்டியில் ஈரத்தோடு கிடப்பது எங்கே போகும்? உடம்பு குளிர்ந்தால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் சேர்ந்தே மந்தமாகின்றன. ஈரத் தரையில் கிடந்து கிடந்து வயிற்றுச் செதில்கள் கொப்புளிப்பதும் வழக்கம்.

மருந்துக்கும் இந்தச் சூடுதான் ஆதாரம். செஃப்டாசிடிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பாம்புக்குப் பொதுவாக 72 மணி நேரத்துக்கு ஒரு முறை போடுகிறார்கள். பாம்பின் உடம்பிலிருந்து அது அவ்வளவு மெதுவாக வெளியேறுகிறது. அந்த இடைவெளியும் பாம்பு உரிய சூட்டில் இருந்தால்தான் பொருந்தும். ஊசியை உடலின் முன்பாதியில் போடுவது வழக்கம். பின்பாதி ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டுப் போகக்கூடியது. மருந்து வேலை செய்யும் முன்பே வெளியேறலாம், சிறுநீரகத்தைப் புண்ணாக்கவும் செய்யலாம். நாய்க்குப் போடும் அளவைக் கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்த்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். எக்ஸ்ரேகூடத் துண்டுதுண்டாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும், ஒரு படத்தில் அடங்காது. பெரிய பாம்பைப் பிடித்துக்கொள்ள மீட்டருக்கு ஓர் ஆள் என்பது தோராயக் கணக்கு.

இவ்வளவும் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் மாடு, ஆடு, கோழி, நாய்க்குப் போக ஊர்வனவற்றுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அனுபவம் சேர்வது உயிரியல் பூங்காக்களில்: வண்டலூர், சென்னை பாம்புப் பண்ணை, வடநெம்மேலி முதலைப் பண்ணை. தென்காசிக்குக் கிட்ட இருப்பது, சுமார் 55 கிலோமீட்டரில், 2012இல் தொடங்கிய திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி. தாலுகா மருத்துவமனை மருத்துவர் முதலுதவி செய்து அங்கே பேசி அனுப்புவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பி வைக்கும் மருத்துவரை, தெரிந்ததுபோல் ஊசி போடுபவரைவிட நம்பலாம்.

செங்கோட்டைக் கணவாய் தாண்டினால் திருவனந்தபுரம் உயிரியல் பூங்கா. பெரிய பாம்பின் நோய் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அங்கே ஒரு பாடம் நடந்திருக்கிறது. 2014 ஏப்ரலில் கொழும்பின் தெஹிவளைப் பூங்காவிலிருந்து ஏழு அனகொண்டாக்கள் அங்கே வந்தன. தனிக் கட்டடம், சொந்த மருத்துவர், கண்ணாடிக்கு வெளியே எப்போதும் கூட்டம். ஆனாலும் 2019இன் பிற்பகுதியிலிருந்து சில மாதங்களுக்குள் அவற்றில் பல ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. காரணமாகச் சொல்லப்பட்டது என்டமீபா என்ற ஒட்டுண்ணி. ஆமைகளின் குடலில் பெரும்பாலும் தொந்தரவு தராமல் வாழும் இது, பாம்புக்குள் புகுந்தால் குடலையும் கல்லீரலையும் அரித்துவிடும். பூங்காவுக்கே அந்தப் பாடு. ஒரே அறையில் ஆமையையும் பாம்பையும் வைத்து, ஒரே பாத்திரத்தால் தண்ணீர் மாற்றுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம் பக்கம் மருத்துவரின் மேசைக்கு வரக்கூடிய மலைப்பாம்பு பெரும்பாலும் காட்டுப் பாம்பாகத்தான் இருக்கும். நைலான் வலையில் சிக்கியது, வண்டிச் சக்கரம் ஏறியது, ஜேசிபி தோண்டும்போது வெட்டுப்பட்டது. ஆட்டை விழுங்கிய பாம்பைச் சுற்றி ஊரே நின்று செல்போனில் படம் எடுக்கும்போது அது இரையைக் கக்குகிறதே, அது நோய் இல்லை. தப்பி ஓடப் பாரத்தை இறக்குகிறது. அந்த இரையில் சேர்த்த பலமெல்லாம் வீண். கூட்டத்தை விலக்கிவிட்டு வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்வதுதான் அப்போதைக்குச் செய்யக்கூடிய வைத்தியம். மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். பால் ஊற்றவே வேண்டாம். நாவறண்ட பாம்பு அதையும் குடிக்கும், அதன் குடலுக்குப் பால் செரிக்காது.

பதிவு செய்த அயல் பாம்பைக் கொண்டுபோகிறவர்கள், காற்றுப் போகும் பருத்திப் பையில் விட்டு வாயை முடிந்து, அந்தப் பையைத் துளையிட்ட பெட்டிக்குள் வைக்கலாம். குளிர் நாளானால் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். புறப்படும் முன் இரை கொடுக்கக் கூடாது. கடைசியாக இரை எடுத்தது, தோல் உரித்தது, கூண்டின் வெப்பநிலை, கூடவே என்னென்ன பிராணிகள் இருக்கின்றன என்பதை எழுதிக்கொண்டு போனால், பரிசோதனையில் பாதி முடிந்த மாதிரி. பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா பாக்டீரியா ஆரோக்கியமான பாம்பிடமும் இருக்கும்.

வைத்தியம் கைகூடவில்லை, வளர்க்கவும் முடியவில்லை என்று சிலர் இருட்டிய பிறகு ஐந்தருவிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று நினைக்கக்கூடும். நோயோடு போகும் பாம்பு அந்த நோயைக் காட்டுப் பாம்புகளுக்கும் கொடுக்கும். ஃபுளோரிடாவில் வளர்ப்பிலிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்தன. அவற்றைப் பிடிக்க 2017இல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அமெரிக்கா வரவழைத்தது. ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்கு அந்த வேலை வராமலிருக்க, வேண்டாத பாம்பை வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்படையுங்கள். அயல் இனமானால் அங்கிருந்து அது உயிரியல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும், காட்டுக்குப் போகக் கூடாது.